1890களின் கிரிக்கெட் பை: அன்றைய இங்கிலாந்துக் கடைகளில் கிடைத்த மட்டை, பந்து, உடை

கேள்வி: 1890களில் இங்கிலாந்து கிராமம் ஒன்றில் நடக்கும் மேடை நாடகத்துக்கு கிரிக்கெட் சாமான்களும் உடைகளும் தயார் செய்கிறோம். அன்று கடைகளில் என்ன விற்றார்கள், எதில் செய்தார்கள்? இன்றைய மட்டையையும் வெள்ளை உடையையும் அப்படியே வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. பந்து மட்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். மட்டை, கையுறை, கால்காப்பு, துணி எல்லாமே வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கிரிக்கெட் பையில் கொக்கி, கூர் போன்ற சிறு உலோகத் துண்டுகள் தவிர, இருந்தவை பெரும்பாலும் மரம், பிரம்பு, தோல், கம்பளி, மயிர், தக்கை, வஜ்ஜிரம் (விலங்குத் தோல் பசை). தொழிற்சாலைப் பொருள் என்று சொல்ல ரப்பர் ஒன்றுதான் இருந்தது, அதுவும் மரத்துப் பால். ஆடுகளமோ மழையில் திறந்தே கிடந்தது. ஆகவே ஒரு சாமான் ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று புரியவில்லையானால், ஈரம் பட்டால் அதற்கு என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அளவுகளை முதலில் முடித்துவிடலாம். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் எம்.சி.சி. (மெரில்போன் கிரிக்கெட் கிளப்) 1884-இல் புதுப்பித்த விதிகள்தான் உங்கள் காலத்துக்குப் பொருந்தும். மட்டையின் அகலம் 4¼ அங்குலத்துக்கு (10.8 செ.மீ.) மேல் போகக்கூடாது, நீளம் 38 அங்குலத்துக்கு (96.5 செ.மீ.) மேல் போகக்கூடாது. இன்றும் அதேதான். பந்தின் எடை 5½ முதல் 5¾ அவுன்ஸ், அதாவது 156 முதல் 163 கிராம். சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம். இன்றைய பந்து இதைவிட ஒரு நூல் சிறியது, 1927-இல்தான் குறைத்தார்கள். மேடையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டம்ப் விஷயத்தில் தெரியும். அன்று உயரம் 27 அங்குலம், மூன்றும் சேர்ந்து அகலம் 8 அங்குலம். 28-க்கு 9 என்பது 1931-க்குப் பிறகு வந்த அளவு. ஆகவே இன்று வாங்கும் ஸ்டம்பின் அடியில் ஓர் அங்குலம் அறுத்துவிட்டு, இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கி நடுங்கள். விளம்பர எழுத்து எதுவும் இல்லாமல், மெருகேற்றிய ஆஷ் மரத்தின் பழுப்பு நிறம் இருக்கவேண்டும். விலை உயர்ந்த செட்டுகளில் தலையில் பித்தளைப் பூண் போட்டிருப்பார்கள், தரையில் இறங்கும் முனைக்கு இரும்புக் கூர் இருக்கும்.

சாமான் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1889 முதல் 1899 வரை இங்கிலாந்தில் ஓர் ஓவருக்கு 5 பந்துகள். அதற்கு முன் 4, 1900 முதல் 6. உங்கள் அம்பயர் ஐந்தாம் பந்து முடிந்ததும் 'ஓவர்' சொல்லவேண்டும்.

இனி மட்டை. பேச நிறைய இருப்பது இதில்தான்.

பந்தை அடிக்கும் தட்டைப் பகுதியான அலகு வில்லோ மரம். கைப்பிடி பிரம்பு. முன்பெல்லாம் முழு மட்டையும் ஒரே மரத்துண்டாக இருந்தது. வேகமான பந்து பட்டால் அந்த அதிர்வு நேராகக் கைக்கு ஏறும், சுளீரென்று வலிக்கும், மட்டையும் கைப்பிடி அலகோடு சேரும் இடத்தில் முறியும். அதனால் கைப்பிடியைத் தனியாகச் செய்து அலகுக்குள் சொருகி ஒட்டத் தொடங்கினார்கள். நாட்டிங்ஹாம்ஷயர் ஆட்டக்காரர் தாமஸ் நிக்சன் 1853 வாக்கில் பிரம்புக் கைப்பிடியைக் கொண்டுவந்தார். தோளுக்கு மேலே கையை உயர்த்தி வீசுவது 1864-இல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதும் அதிர்வு தாங்கும் கைப்பிடி இல்லாமல் ஆடுவது கஷ்டமாகிவிட்டது. 1880களில் சார்லஸ் ரிச்சர்ட்சன் என்ற பொறியாளர், கைப்பிடியின் அடியை ஆப்பு போலச் சரிவாகச் செதுக்கி, அலகில் வெட்டிய V வடிவப் பிளவுக்குள் இறக்கும் இணைப்பை வடிவமைத்தார். செவெர்ன் ரயில் சுரங்கத்துக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் அவர். இன்று கடையில் நீங்கள் பார்க்கும் மட்டையிலும் அதே V இருக்கிறது. சுரங்கம் தோண்டியவர் கையால் மட்டைக்கு வந்த வடிவம் நூறு வருடம் தாண்டியும் மாறவில்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கைப்பிடி ஒரே பிரம்பு இல்லை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த பிரம்பைச் சிம்புகளாகச் செதுக்கி, வஜ்ஜிரத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, நடுநடுவே ரப்பர்ப் பட்டையோ திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த, வளைந்துகொடுக்கும் தகட்டுப் பட்டையோ வைத்து, உருளையாகக் கடைந்தெடுப்பார்கள். அடி விழும்போது அந்தப் பட்டை கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். பிறகு மெழுகு தேய்த்த நூலை மேலிருந்து கீழ்வரை இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றுவார்கள். இன்றைய வண்ண ரப்பர் உறையை உருவி எறிந்துவிட்டு இந்த நூல் சுற்றைப் போட்டாலே உங்கள் மட்டை பாதி மாறிவிடும். பழுப்பு சணல் நூலும் தேன்மெழுகும் போதும். அடுத்தடுத்த சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வஜ்ஜிரம் என்றதும் ஈரம் நினைவுக்கு வரவேண்டும். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை அது. காய்ந்தால் கல்லு மாதிரி பிடிக்கும். ஈரத்தில் நாள்கணக்கில் கிடந்தால் இளகும். மழையில் நனைந்த மட்டையைப் பைக்குள் அப்படியே போட்டு வைத்தால் இணைப்பு ஆடத் தொடங்கும், பந்து பட்டதும் 'கட்'டென்று ஒரு செத்த ஓசை கேட்கும். சூடாகக் காயவைக்கலாம் என்று கணப்பருகே சாய்த்தாலோ இன்னும் கேடு. வில்லோ வறண்டு நெடுக வெடித்துவிடும்.

அலகின் நிறத்தையும் வடிவத்தையும் கவனியுங்கள். 1890கள் வரை பெரும்பாலும் மரத்தின் உட்புற வைரப் பகுதியிலிருந்துதான் மட்டை செய்தார்கள். செம்பழுப்பு நிறம், கனமும் கொஞ்சம் கூடுதல். அந்தப் பத்தாண்டில்தான் வெளிப்புற வெளிர் மரத்துக்கு மாறினார்கள். உங்கள் நாடகத்தில் வயதான பாத்திரம் ஒன்று இருந்தால் அவர் கையில் கறுத்த பழுப்பு மட்டையும், லண்டனிலிருந்து வரும் இளைஞன் கையில் வெளிர் மட்டையும் கொடுங்கள். இன்றைய மட்டையின் விளிம்பு இரண்டு விரல் தடிமன் இருக்கிறது. அன்றைய மட்டையில் விளிம்பு மெல்லியது, முதுகு மெதுவாக மேடேறி அடிப்பகுதியில்தான் சற்றுப் புடைக்கும். எடை சுமார் 2¼ பவுண்டு, அதாவது ஒரு கிலோவை ஒட்டி. இன்றைய மட்டையின் விளிம்பையும் முதுகையும் தச்சரிடம் கொடுத்து இழைத்து வாங்கினால் வடிவமும் வரும், எடையும் குறையும். செய்தவர் பெயர் ஒட்டுத்தாளில் இராது. மரத்திலேயே முத்திரை அழுத்தியிருப்பார்கள்.

வில்லோ மென்மையான மரம். வெட்டியபின் துண்டுகளாகப் பிளந்து, மாதக்கணக்கில் காற்றாட அடுக்கிக் காயவிட்டு, இரு கையாலும் பிடித்து இழுக்கும் கத்தியால் சீவி வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். அதன் முகத்தை அப்படியே விட்டால் கடினமான பந்து பள்ளம் பறித்துவிடும். அதனால் அழுத்தி இறுக்குவார்கள். இறுக்கம் குறைந்தால் பிளவு, கூடிப்போனால் மட்டை துள்ளாது. கடைக்காரர் இறுக்கித் தந்த பிறகும் வாங்கியவருக்கு வேலை பாக்கி இருக்கும். சுத்தமான, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு முகம், விளிம்பு, கால்முனை (அலகின் அடிநுனி) மூன்றிலும் மெல்லிய பூச்சு. மட்டையைப் படுக்க வைத்து ஒரு நாள் விடவேண்டும். நிறுத்தி வைத்தால் எண்ணெய் வழிந்து இணைப்புக்குப் போகும், அங்கே பசை கெடும். சில நாள் விட்டு இன்னும் ஒரு பூச்சு. பிறகு பழைய, மென்மையான பந்தால் பயிற்சியில் ஆடிப் பழக்கவேண்டும். புது மட்டையோடு ஈரத் தரையில் புதுப் பந்துக்கு இறங்கினால் கால்முனை முதல் நாளே பிளக்கும். ஆர்வக் கோளாறில் எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டுகிறவர்களும் உண்டு. அப்படி ஊறிய மட்டை கனத்துப்போய்ச் செத்துவிடும்.

பிளந்த மட்டையை யாரும் எறிந்துவிடவில்லை. பசை வைத்து, மெழுகு நூலால் அலகைச் சுற்றி இறுகக் கட்டி மறுபடி ஆடினார்கள். கிராமத்துக் காட்சிக்கு அப்படி ஒரு கட்டுப்போட்ட மட்டை கட்டாயம் இருக்கட்டும்.

யார் விற்றார்கள்? பல கடைகள் ஆட்டக்காரர்களே நடத்தியவை. வேகப்பந்து வீச்சாளர் ஜான் விஸ்டன் லண்டன் கிரான்போர்ன் தெருவில் வைத்திருந்த கடை, 1884-இல் அவர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே நடந்தது. கிரிக்கெட் ஆண்டுமலர் மூலம் இன்று எல்லோருக்கும் தெரிந்த அதே விஸ்டன்தான். ஆல்ஃபிரட் ஷாவும் ஆர்தர் ஷ்ரூஸ்பரியும் 1880-இல் நாட்டிங்ஹாமில் கூட்டுக்கடை போட்டார்கள். அதே ஊரில் வில்லியம் கன் 1885-இல் மூருடன் சேர்ந்து தொடங்கிய கன் அண்ட் மூர் இன்றும் இருக்கிறது. சசெக்ஸில் ராபர்ட்ஸ்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் எல்.ஜே. நிகல்ஸ் 1876 முதல் மட்டை செய்தார். லண்டன் பெக்கமில் பஸ்ஸி நிறுவனத்தின் 'டீமன் டிரைவர்' மட்டை விளம்பரங்களில் அடிக்கடி வரும் பெயர். இவை தவிர ஆர்மி அண்ட் நேவி, கேமேஜ் போன்ற பெரிய கடைகள் தடித்த விலைப்பட்டியல் அச்சிட்டு, தபாலிலேயே ஆர்டர் எடுத்தன.

அந்தப் பட்டியல்களின் நகல் கிடைத்தால் விலையைப் படிக்கத் தெரியவேண்டும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. '12/6' என்றிருந்தால் 12 ஷில்லிங் 6 பென்ஸ். '7/-' என்றால் 7 ஷில்லிங், பென்ஸ் இல்லை. வசனத்தில் விலை வந்தால் 'பன்னிரண்டும் ஆறும்' என்கிற மாதிரி சொல்லவைப்பதுதான் அன்றைய பேச்சுக்கு நெருக்கம்.

பந்துக்கு கென்ட் மாவட்டம்தான் தாய்வீடு. பென்ஸ்ஹர்ஸ்ட் ஊரின் டியூக் குடும்பம் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே பந்து செய்தது. நடுவில் சிறு தக்கைத் துண்டு. அதைச் சுற்றி ஈரக் கம்பளி நூலும் தக்கைச் சீவலும் மாறி மாறி, ஒவ்வொரு சுற்றுக்கும் சுத்தியலால் தட்டி உருட்டுவார்கள். நூல் காயும்போது சுருங்கி உள்ளே இருப்பதை இறுக்கும். இங்கே மட்டும் ஈரம் உதவிக்கு வருகிறது. மேலுறைக்குப் படிகாரம் சேர்த்துப் பதப்படுத்திய மாட்டுத் தோல், சிவப்புச் சாயம். நான்கு இதழ்களாக வெட்டி, இரண்டிரண்டாக உள்பக்கம் தைத்துக் கிண்ணம் போல இரண்டு பாதி செய்து, உருண்டையை உள்ளே வைத்து, பிடிப்பானில் இறுக்கிக்கொண்டு விளிம்பைத் தைப்பார்கள். மெழுகு பூசிய ஆளிநார் நூலின் நுனியில் ஊசிக்குப் பதில் பன்றி மயிர். மட்டைக்குப் பூசும் எண்ணெயும் பந்தைத் தைக்கும் நூலும் ஒரே செடியிலிருந்து வருகின்றன, பாருங்கள்.

விதிப்படி ஓர் இன்னிங்ஸ் தொடங்கும்போது புதுப் பந்து கேட்கலாம். நடுவில் மாற்றும் வழக்கம் அப்போது வரவில்லை. முழு இன்னிங்ஸுக்கும் ஒரே பந்து என்பதால், பிற்பகல் காட்சியில் பளபளக்கும் பந்து தவறு. ஓரம் தேய்ந்து, தையல் அமுங்கி, புல்கறை ஏறிய பந்தைக் கொடுங்கள். வெள்ளைப் பந்தைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

கால்காப்பு, அதாவது பேடு: நடுவே நெடுக்காகப் பிரம்புக் கம்பிகள், அவற்றைச் சுற்றிக் குதிரை மயிர்த் திணிப்பு, மேலே மான்தோலோ வெள்ளைத் தோலோ கெட்டித் துணியோ, காசுக்கு ஏற்றபடி. பின்துணி இல்லாமல் கம்பிக்கூடுகளுக்கு நடுவே இடைவெளி தெரியும் 'எலும்புக்கூடு' வகையும் விற்றது. காற்றோட்டமும் எடைக் குறைவும் அதன் பெருமை, இடைவெளியில் பந்து புகுந்தால் கணைக்கால் எலும்புக்கு மன்னிப்பு இல்லை. உயரம் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றுவிடும். வார் தோல், கொக்கி உலோகம். கொக்கி காலின் வெளிப்பக்கம் வரவேண்டும், உள்பக்கம் வந்தால் ஓடும்போது இரண்டும் சிக்கிக்கொண்டு ஆள் விழுவார். நடிகர்கள் அவசரத்தில் இடம் வலம் மாற்றிக் கட்டுவது சகஜம், ஒத்திகையிலேயே பழக்கிவிடுங்கள். மழையில் குதிரை மயிர் தண்ணீரை இழுத்துக்கொண்டு கனத்துவிடும். ஏழைக் கிளப்புகளில் ஒரே பொதுப் பை, அதிலிருந்து எடுத்து முன்காலில் மட்டும் ஒற்றைக் காப்பு கட்டிக்கொண்டு இறங்குவோரும் உண்டு.

கால்காப்பு ஆட்டத்தையே மாற்றியது. அன்றைய எல்.பி.டபிள்யூ. விதியில் (ஸ்டம்பில் பட இருந்த பந்தைக் காலால் மறித்தால் அவுட்), விக்கெட்டுக்கு விக்கெட் நேர்கோட்டில் குத்திய பந்துக்குத்தான் அவுட் தரமுடியும். வெளியே குத்தித் திரும்பும் பந்தை மட்டையால் தொடாமல் காலால் தடுத்தால் ஒன்றும் செய்யமுடியாது. ஷ்ரூஸ்பரி இதில் கைதேர்ந்தவர். காப்பு கடையில் விற்றவரும் அவர், அதைக் களத்தில் பயன்படுத்திக் காட்டியவரும் அவர்.

மட்டையாளர் கையுறையில் விரல்களின் புறத்தில் குழாய் போன்ற ரப்பர்ப் பட்டைகள் வரிசையாகத் தைத்திருக்கும். உள்ளங்கை பெரும்பாலும் திறந்தே இருக்கும், மணிக்கட்டைச் சுற்றிப் பட்டை. இந்த ரப்பர் யோசனை 1800களின் நடுவில் நிக்கலஸ் ஃபீலிக்ஸ் கொண்டுவந்தது. ரப்பர் குளிரில் வெடிக்கும், வெயிலில் ஒட்டும். இன்றைய பஞ்சுத் தலையணைக் கையுறை எதுவும் உதவாது. மெல்லிய தோல் கையுறையில் கறுப்பு சைக்கிள் வால்வு டியூபை விரல் நீளத்துக்கு நறுக்கித் தைத்தால் அச்சு அசலாக வரும். தலைக்கவசம் கிடையவே கிடையாது.

உடைக்கு வருவோம். எல்லாம் வெள்ளை என்பது விதியாக எங்கும் எழுதப்படவில்லை, 1880களில் வழக்கமாக உறைந்தது. அதற்கு முந்தைய தலைமுறை புள்ளிச் சட்டை, வண்ணச் சட்டை போட்டு ஆடியது. உங்கள் காலத்தில் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் ஃபிளானல், அதாவது மெல்லிய கம்பளி. பளீர் வெள்ளையாக இராது, பாலேடு நிறம். பருத்தியில் தைத்தால் விளக்கொளியில் நீலம் பாய்ந்து பள்ளிச் சீருடை மாதிரி தெரியும். அசல் ஃபிளானல் வாங்கினால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துச் சுருக்கிவிடுங்கள். பிறகும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புடன் அமுக்கி அலசவேண்டும். அடித்துத் துவைத்தாலோ வெந்நீரில் போட்டாலோ கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

இடுப்பில் பாம்பு வடிவ S கொக்கி போட்ட பட்டை, அல்லது கிளப் நிறத்தில் பட்டுத்துணிக் கச்சை. சிலர் கழுத்து டையையே இடுப்பில் கட்டினார்கள். கை முழங்கை வரை மடித்திருக்கும். 1895-இல் சசெக்ஸ் அணிக்கு வந்த ரஞ்சித்சிங்ஜி மட்டும் பட்டுச் சட்டையை மணிக்கட்டில் பொத்தான் போட்டுத்தான் ஆடினார். தொப்பி தலையோடு ஒட்டிய சின்னது, முன்மடல் குட்டையானது. நிறம் அள்ளித் தெளித்தது பிளேசரிலும் தொப்பியிலும்தான். எம்.சி.சி. சிவப்பு மஞ்சள், ஐ ஸிங்காரி கிளப் கறுப்பு சிவப்பு பொன்னிறம். ஊதியம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரருக்கும், ஊதியமின்றி ஆடும் கனவான்களுக்கும் உடைமாற்றும் அறையே தனித்தனி. பள்ளி, பல்கலைக்கழக நிறங்களில் கோடு போட்ட பிளேசர் கனவான் உடம்பில்தான் இருக்கும். உங்கள் கிராமத்துக் கொல்லருக்குப் பிளேசர் மாட்டிவிடாதீர்கள். அவருக்குச் சாதாரணச் சட்டை, தோள்வார், வேலைக்குப் போடும் பூட்ஸ் போதும். வசதி உள்ளவர் காலில் பழுப்பு அல்லது வெள்ளை மான்தோல் பூட்ஸ், அடியில் திருகி ஏற்றிய இரும்புக் கூர்கள்.

பெண் பாத்திரங்களும் ஆடலாம். யார்க்ஷயரில் ஒயிட் ஹெதர் கிளப் 1887-இல் தொடங்கிவிட்டது. 1890-இல் 'ஒரிஜினல் இங்கிலிஷ் லேடி கிரிக்கெட்டர்ஸ்' என்ற பெயரில் சிவப்பு அணி, நீல அணி என இரண்டு தொழில்முறை அணிகள் ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடின. நீளப் பாவாடையோடுதான்.

இந்தியாவிலிருந்து ஒருவர் கதைக்குள் வருகிறார் என்றால் தடையில்லை. பார்ஸி அணி 1886-இலும் 1888-இலும் இங்கிலாந்து போய் ஆடியது. சென்னையில் புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஆர்மி அண்ட் நேவி கடை 1891-இல் மும்பையில் கிளை திறந்தது. ஆகவே லண்டன் பட்டியலில் உள்ள மட்டை இங்கே ஒருவர் கையில் இருப்பது பொருந்தும்.

கடைசியாக ஒரு வேலை. வெள்ளைப் பூட்ஸுக்கும் கால்காப்புக்கும் அன்று வெண்களிமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார்கள். காய்ந்ததும் வெளுப்பாக இருக்கும், தொட்டால் மாவு உதிரும், மழை பட்டால் ஓடிவிடும். மேடையில் அப்படியே செய்தால் கறுப்புக் கோட்டு போட்டவர்மேல் பூராவும் வெள்ளை அப்பும். குழைக்கும்போது கொஞ்சம் வஜ்ஜிர நீரைக் கலந்து, இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசி, முந்தைய இரவே காயவிடுங்கள். நடிகர்களுக்குக் கட்டிவிடும் முன் துணியால் ஒருமுறை தட்டிவிட்டால் போதும்.